திடல் யாருக்கு?

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், பெண்களுக்குத் தோட்டத் திடலில் ஆட நேரம் ஒதுக்கக் கோரும் தீர்மானத்தை முன்மொழிந்து, ஆபீஸ் கிராணியும் கிளைச் செயலாளருமான தோழர் ஆற்றிய உரை)

  

விடிவதற்கு முன் பெரட்டுக்கு எழ வேண்டியவர்கள் நீங்கள். ஆகையால் சுருக்கமாகவே பேசுவேன். கிராணி சுருக்கமாகப் பேசினான் என்று எந்தத் தோட்டத்திலும் கேள்விப்பட்டதில்லையே என்று பின்வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. சிரிக்கட்டும்.

மூன்று வாரங்களுக்கு முன் நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பதினான்கு பேர் ஒரு தாளில் கையொப்பமிட்டு என் மேசையில் வைத்தார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை, காற்பந்து பழகத் திடல் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பதினான்கு பேரில் ஐவர் பால்மரம் வெட்டுகிறவர்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். திடல் நிர்வாகத்திற்குச் சொந்தம். ஆனால் யாருக்கு எந்த நாள் என்று அட்டவணை போடுவது நம் கிளை. கேட்டின் சாவியும் நம்மிடந்தான். கமிட்டி கூடிற்று. "திடலின் பராமரிப்பைக் கருதி ஒப்புதல் அளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று பதில் போயிற்று. அந்தக் கடிதத்தை எழுதிக் கையொப்பமிட்டவன் நானே. பராமரிப்பு என்ற சொல்லைத் தேடிப் பிடித்துப் போட்டவனும் நானே. உண்மைக் காரணம் அதுவல்ல என்று எனக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கமிட்டியில் ஒரு மூத்த தோழர் சொன்னார்: "பெண்கள் பந்தாட்டம் இப்போது கிளம்பிய நாகரிகம். டெலிவிஷன்காரன் காசு பண்ணக் கிளப்பிவிட்டது. நம் தோட்டங்களுக்குப் பந்தைக் கொண்டுவந்த வெள்ளைக்காரன் தேசத்திலேயே முன்பெல்லாம் இது கிடையாது." அவர் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் படிக்கத் தொடங்கினேன். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். இங்கிலீஷ் புத்தகமென்றால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். படிக்கப் படிக்க என் கடிதம் என்னையே உறுத்திற்று. ஆகையால்தான் இன்று நானே இந்தத் தீர்மானத்தோடு உங்கள் முன் நிற்கிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்றொரு வட்டாரம். அங்கே பிரஸ்டன் நகரில் டிக், கெர் கம்பெனி என்று ஒரு தொழிற்சாலை. டிராம் வண்டிகளும் ரயில் எஞ்சின்களும் செய்த இடம். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். தொழிற்சாலை வெடிகுண்டு செய்யும் இடமாயிற்று. இயந்திரத்தின் முன் பெண்கள் வந்து நின்றார்கள். தேநீர் வேளையிலும் சாப்பாட்டு வேளையிலும் அந்தப் பெண்கள் முற்றத்தில் பந்து உதைப்பார்கள். அங்கிருந்த பயிற்சித் தொழிலாளிப் பையன்களோடு மோதி வென்றும் காட்டினார்கள். இதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இவர்களை ஒரு குழுவாக்கினால் என்ன என்று யோசித்தார். ஆல்பிரட் பிராங்க்லாண்ட் என்பது அவர் பெயர். அவரும் ஆபீஸ் ஆள்தான். கிராணிமார்கள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதால் சில சமயம் உலகத்துக்கு நன்மை விளைகிறது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்!

1917ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று பிரஸ்டனின் டீப்டேல் திடலில் அந்தப் பெண்கள் இன்னொரு தொழிற்சாலைப் பெண்களோடு ஆடினார்கள். வந்து பார்த்தவர்கள் 10,000 பேர். காயம்பட்ட போர்வீரர்களின் ஆஸ்பத்திரிக்கு இருநூறு பவுனுக்கு மேல் வசூலாயிற்று. அந்த நாளில் அது எவ்வளவு பெரிய தொகை!

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பினார்கள். பெண்கள் இயந்திரத்தை விட்டு அடுப்படிக்குத் திரும்ப வேண்டுமென்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. ஆனால் பந்து நிற்கவில்லை. 1920இல் பிரான்சிலிருந்து வந்த பெண்கள் குழுவோடு பிரஸ்டன் பெண்கள் மோதினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், லிவர்பூலில் எவர்ட்டன் சங்கத்தின் குடிசன் பார்க் திடலில், செயின்ட் ஹெலன்ஸ் பெண்களை எதிர்த்து ஆடினார்கள். அன்று உள்ளே இருந்தவர்கள் 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் பல ஆயிரம். வசூல் மூவாயிரம் பவுனுக்கு மேல். நூறு ஆண்டுகளுக்கு முன், தோழர்களே! டெலிவிஷன் எங்கே இருந்தது?

செயின்ட் ஹெலன்ஸ் பக்கத்திலிருந்து பிரஸ்டன் குழுவுக்கு வந்தவள் லில்லி பார். 1905இல் பிறந்தவள். பதினைந்து வயதுப் பெண், ஏறத்தாழ ஆறடி உயரம், இடது கால் உதையென்றால் கோல் காப்பவன் ஒதுங்கி நிற்பானாம். ஆட்டத்திற்குப் பத்து ஷில்லிங் படி. அதோடு ஒரு பெட்டி உட்பைன் சிகரெட்டும் கேட்டு வாங்கினாள் என்று ஒரு கதை உண்டு. சிகரெட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. படியைச் சிபாரிசு செய்கிறேன். வேலை நேரம் இழந்து ஆட வருகிறவருக்குப் படி கொடுப்பது பிச்சையல்ல.

இப்போது நம் கதைக்கு வருகிறோம். 1921ஆம் ஆண்டு. சுரங்க முதலாளிகள் நிலக்கரித் தொழிலாளரின் கூலியைக் குறைத்தார்கள். குறைந்த கூலிக்கு இறங்க மாட்டோம் என்ற தொழிலாளரை ஏப்ரல் மாதம் வெளியே நிறுத்திச் சுரங்கத்தைப் பூட்டினார்கள். சுமார் பத்து லட்சம் பேர். மூன்று மாதம் கூலியில்லை. குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்ற நிதி வேண்டும். அந்த நிதிக்காகப் பெண்கள் குழுக்கள் ஊர் ஊராகப் பந்து ஆடின. நேற்று வரை போர்வீரர்களுக்கு நிதி திரட்டியபோது தட்டிக்கொடுத்த கைகள், பட்டினி கிடக்கும் தொழிலாளிக்குத் திரட்டியபோது சும்மா இருந்திருக்குமா? அதுவே பின்னால் வந்ததற்கெல்லாம் காரணம் என்று வரலாறு எழுதியோர் சிலர் கருதுகிறார்கள். அது மட்டுமே காரணமென்று நான் அறுதியிட்டுச் சொல்லத் துணியேன். ஆண்கள் ஆட்டத்துக்கு வர வேண்டிய கூட்டமும் காசும் பெண்கள் பக்கம் போகிறதே என்ற பொறாமையும் சேர்ந்திருக்கலாம். டிக், கெர் பெண்கள் அந்த ஒரே ஆண்டில் 67 ஆட்டங்கள் ஆடினார்கள். வாரத்தில் தொழிற்சாலை வேலை, இடையில் ஆட்டம், மீண்டும் வேலை!

1921 டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தின் மேலவை கூடிற்று. காற்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று, அதற்கு ஊக்கமளிக்கலாகாது என்று தீர்மானித்தது. தர்மத்துக்கென்று வசூலான பணத்தில் செலவுக் கணக்கே அதிகமாகிறது என்றும் ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்துக்கொண்டது. பெண்கள் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டார்களா? இல்லை. அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் செய்தது ஒன்றே: தங்கள் கீழுள்ள சங்கங்கள் எதுவும் பெண்களுக்குத் திடல் கொடுக்கலாகாது என்றார்கள். அவ்வளவுதான். அப்போது சுமார் 150 பெண்கள் குழுக்கள் இருந்தன. கூட்டம் கொள்ளும் திடல்களில் பெரும்பாலானவை அந்தச் சங்கங்களின் கையில் இருந்தன. டிக்கெட் விற்கக் கேட்டுள்ள திடல் இல்லையென்றால் வசூல் ஏது? வசூல் இல்லையென்றால் பயணச் செலவு ஏது?

ஆளைத் தடுக்க முடியாதவன் இடத்தைத் தடுப்பான். தோட்ட எல்லைக்குள் கூட்டம் போட்டால் அத்துமீறல் என்று சங்கக்காரனை வாசலிலேயே நிறுத்திய காலத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சங்கம் வைப்பது குற்றமில்லையாம், சங்கம் கூட இடந்தான் இல்லையாம்! டிசம்பர் 5ஆம் நாள் தீர்மானத்தைப் படித்தபோது அதுதான் என் நினைவுக்கு வந்தது. அடுத்த கணமே என் கடிதம் நினைவுக்கு வந்தது.

கணக்குக் குற்றச்சாட்டைப் பற்றிக் கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. வரவு செலவில் ஐயமிருந்தால் ரசீதைக் கேள், புத்தகத்தைக் கேள், தணிக்கை செய், தவறு செய்தவனைப் பிடி. ஒரு கடையில் தராசு சரியில்லை என்பதற்காகப் பெண்களே இனிக் கடைவீதிக்கு வரக் கூடாது என்று சொல்வார் உண்டா? கணக்கைச் சாக்காக வைத்துக் கேட்டைப் பூட்டுகிறவனுக்குக் கணக்கில் அக்கறையில்லை, கேட்டில்தான் அக்கறை.

பிறகு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். பெண்கள் விட்டுவிட்டார்களா? பூங்காக்களில் ஆடினார்கள், பிற விளையாட்டுத் திடல்களில் ஆடினார்கள். 1922இல் டிக், கெர் பெண்கள் கப்பலேறிக் கனடாவுக்குப் போனார்கள், அங்கேயும் தடை. அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் குழுக்களோடு ஒன்பது ஆட்டம் ஆடி, மூன்றில் வென்று, மூன்றில் சமன் செய்து, மூன்றில் தோற்றுத் திரும்பினார்கள். லில்லி பார் மனநோய் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினாள். அந்தக் குழு 1965இல் கலைந்தது, தடை நீங்கியதைப் பார்க்காமலே. ஒரு தலைமுறை முழுவதும் ஆடக் கற்று, கூட்டத்தின் கைதட்டலைக் கேட்காமலே வயதாகிப் போயிற்று. இதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். தேசியக் குழு ஐம்பது ஆண்டு தாமதமாயிற்று என்று புத்தகங்கள் எழுதுகின்றன. தாமதமானது குழு மட்டுமல்ல. அந்தப் பெண்களுக்கு இளமை ஒருமுறைதானே!

1969இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 44 குழுக்கள் சேர்ந்தன. தனித்தனியே கேட்டபோது காது கேளாதவர்களுக்கு, சேர்ந்து கேட்டதும் காது கேட்டது. 1970-71இல் பழைய தடை விலக்கப்பட்டது.

இதன் நடுவே ஒரு கசப்பான நிகழ்ச்சி. மறைக்காமல் சொல்கிறேன், நமக்கு மிகவும் வேண்டியது அதுவே. ஹாரி பேட் என்று ஒரு பஸ் டிரைவர். லூட்டன் நகரத்துக்காரர். 1971இல் மெக்சிகோவில் பெண்களுக்கான உலகப் போட்டி ஒன்று நடந்தது. உலகக் காற்பந்து மன்றத்தின் அங்கீகாரம் இல்லாத போட்டி. அதற்கு அவர் இளம்பெண்கள் குழு ஒன்றை அழைத்துப் போனார். பதின்மூன்று வயதுச் சிறுமியும் அதில் உண்டு. மெக்சிகோ பெண்களை எதிர்த்து அஸ்டெக்கா திடலில் ஆடியபோது வந்த கூட்டம் சுமார் 90,000 என்கிறார்கள். ஆட்டம் எல்லாம் தோல்விதான். ஆனால் தெருவெங்கும் அவர்களைச் சூழ்ந்து கையெழுத்துக் கேட்டார்களாம். ஊர் திரும்பியபோது என்ன கிடைத்தது? அனுமதியில்லாமல் போனதற்குத் தண்டனை. பெண்களுக்குச் சில மாதத் தடை. ஹாரி பேட் அதன்பின் பெண்கள் காற்பந்தில் தலையெடுக்கவே முடியவில்லை. தண்டித்தது யார் தெரியுமா? பெரிய காற்பந்துச் சங்கம் அல்ல. பெண்களுக்காகவே ஏற்பட்ட சங்கம்! மேலிடத்தின் நல்லெண்ணத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதே என்ற அச்சம். தொழிலாளிக்காக ஏற்பட்ட சங்கம் தொழிலாளியின் மகளுக்கு மறுப்புக் கடிதம் எழுதுவதைப் போல.

1972 நவம்பர் 18ஆம் நாள், ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊரில், நடுக்கும் குளிரில், இங்கிலாந்துப் பெண்கள் தேசியக் குழுவின் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் நடந்தது. ஆண்கள் குழு ஸ்காட்லாந்தோடு முதல் ஆட்டம் ஆடியது 1872இல். கணக்கைப் பாருங்கள், சரியாக நூறு ஆண்டு இடைவெளி. ஷீலா பார்க்கர் தலைமை வகித்தார். இரண்டு கோல் பின்தங்கி நின்ற குழுவுக்குச் சில்வியா கோர் முதல் கோலை அடித்தார். முடிவில் 3-2 என்று இங்கிலாந்து வென்றது.

தேச அணிக்கு ஆடியவர்களுக்குத் தொப்பி கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். ஆண்களுக்குப் பெரிய சங்கம் கொடுக்கும். பெண்களுக்கு? பெண்கள் சங்கத்தில் பொறுப்பிலிருந்த புளோ பில்ட்டன் என்ற அம்மையார் வீட்டிலேயே தம் கையால் தொப்பி தைத்துக் கொடுத்தார். அந்தப் பெண்களுக்குச் சங்கத்தின் முறையான தொப்பி கிடைத்தது 2022இல். ஐம்பது ஆண்டு கழித்து, தலை நரைத்த பிறகு. எனக்கென்னவோ, அவர்களிடம் இரண்டு தொப்பியும் இருந்தால் அந்த அம்மையார் தைத்ததைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள் என்று தோன்றுகிறது.

1984இல் ஐரோப்பிய இறுதியாட்டம் வரை போய்ச் சுவீடனிடம் பெனால்டியில் தோற்றார்கள். 1993இல்தான் பெரிய சங்கம் பெண்கள் குழுவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1998இல் ஹோப் பவல் பயிற்சியாளரானார். பதினைந்து ஆண்டுகள் இருந்து அடித்தளம் போட்டவர் அவர்.

அந்தக் காலத்துத் தேச வீராங்கனையின் வாழ்வு எப்படி இருந்தது? பாரா வில்லியம்ஸ் என்பவர் இங்கிலாந்துக்கு 172 ஆட்டம் ஆடியவர். தேசச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கிய ஆண்டுகளில் அவருக்கு வீடு கிடையாது. வீடற்றோர் விடுதிகளில் மாறி மாறித் தங்கினார்; பல ஆண்டுகள் அப்படி. அவரே பின்னாளில் வெளியே சொன்ன செய்தி இது. தேசத்தின் மானத்தைக் காலில் சுமந்தவளுக்குத் தலை சாய்க்க இடமில்லை! 2015 உலகப் போட்டியில் ஜெர்மனியை வென்று மூன்றாமிடம் பெற்றபோது, அந்த ஒரே கோல் அவர் அடித்த பெனால்டிதான்.

2009இல் முதன்முதலாக 17 வீராங்கனைகளுக்குச் சங்கம் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 16,000 பவுன். அதே நாட்டில் பெரிய ஆண் ஆட்டக்காரர்கள் சிலர் ஒரு வாரத்தில் வாங்கியது அதைவிடப் பன்மடங்கு. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். கையில் காகிதம் இருந்தால் அடுத்த முறை அதைக் காட்டிப் பேசலாம். 2011இல் பெண்களுக்கான உயர்நிலை லீக் வந்தது. 2018இல் அதன் குழுக்கள் எல்லாம் முழுநேரத் தொழில்முறையாயின. 2020இல், தேசத்துக்கு ஆடும் ஆட்டப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே என்று சங்கம் அறிவித்தது.

2022 ஜூலை 31ஆம் நாள், வெம்பிளி திடலில், 87,192 பேர் முன்னிலையில், ஜெர்மனியை 2-1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பிடித்தார்கள். கூடுதல் நேரத்தில் குளோயி கெல்லி அடித்த கோல் அது. இதை நீங்களே டெலிவிஷனில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த சில நாட்களில் நடந்தது. அந்த 23 பேரும் சேர்ந்து, பிரதமர் பதவிக்குப் போட்டியிட்ட இருவருக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பள்ளியில் காற்பந்து ஆட வாய்ப்பிருந்த பெண் பிள்ளைகள் அப்போது நூற்றுக்கு 63 பேர்தான். எல்லாருக்கும் வேண்டும் என்றார்கள். மாளிகை கேட்கவில்லை, மானியம் கேட்கவில்லை. தங்களுக்குப் பின்னால் வரும் சிறுமிக்குத் திடல் கேட்டார்கள். மறு ஆண்டு மார்ச் மாதம் அரசாங்கம் அதற்கு உறுதியளித்தது.

2023இல் உலகப் போட்டிக்குப் புறப்படும் வேளையில் போனஸ் தகராறு. உலக மன்றம் ஆட்டக்காரருக்கு நேரே பணம் தருகிறதே, நாங்கள் வேறு தர வேண்டுமா என்றது சங்கம். மன்றம் தருவது மன்றத்தின் கணக்கு, நீங்கள் தருவது உங்கள் கணக்கு என்றார்கள் பெண்கள். நம் போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இராது! பேச்சை ஒத்திவைக்கிறோம், விடவில்லை என்று ஒன்றாக அறிவித்துவிட்டு ஆடப் போனார்கள். இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 1-0 என்று தோற்றார்கள். தோற்றுத் திரும்பிய பின்னும் மேசைக்குப் போய் உட்கார்ந்து உடன்பாடு கண்டார்கள். 2025 ஜூலையில் அதே ஸ்பெயினைப் பெனால்டியில் வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும்.

மூத்த தோழருக்கு என் பதில் இதுதான். இது புதிய நாகரிகமல்ல. வெடிகுண்டு செய்த தொழிலாளிப் பெண்கள் 1917இலேயே ஆடியது. இடையில் காணாமற்போனதற்குக் காரணம் பெண்கள் அல்லர், பூட்டிய கேட்டு.

இனி நம் திடல். திங்கள், புதன் இளைஞர் அணிக்கு. ஞாயிறு போட்டிகளுக்கு. சனிக்கிழமை மாலை, அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், யாருக்கும் இல்லை. மாடுதான் மேய்கிறது. புல் கெடும் என்ற கவலை மாட்டைப் பற்றி யாருக்கும் எழவில்லை. பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டுமே என்று ஒரு தாயார் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆறரைக்கு ஆட்டம் முடியும்; மாதர் பிரிவிலிருந்து இருவர் முறை வைத்துக்கொண்டு உடனிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். செலவு? இளைஞர் அணியின் பழைய பந்து இரண்டு ஸ்டோரில் கிடக்கின்றன. ஒன்று காற்று நிற்காது, ஒட்டுப்போட்டால் போதும்.

என் கையொப்பத்தோடு போன கடிதத்தைத் திரும்பப் பெறுவதும், சனிக்கிழமை மாலை ஐந்து முதல் ஆறரை வரை திடலைப் பெண்களுக்கு ஒதுக்குவதும் தீர்மானத்தின் இரு பகுதிகள். வழிமொழிய மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா எழுந்து நிற்கிறார். அவர் பேசி முடித்ததும் வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டின் சாவியை இதோ, மேசையில் வைக்கிறேன்.